எட்டாம் இடத்து மூட்டைக்காரன்

மனிதர்கள் நான்கு பேர் கூடிய இடத்தில் ஓர் ஏணி முளைத்துவிடுகிறது. அதற்கு அரண்மனை தேவையில்லை, மடம் தேவையில்லை; ஒரு வீடியோ கேம் மெஷினும் ஒரு கரும்பலகையும் இருந்தால் போதும். மேற்படியில் சிலர், நடுப்படியில் சிலர், கடைசிப் படியில் ஒருவன். கடைசிப் படிக்காரன் ஏன் அங்கே நிற்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். "அவன் எப்பவும் அங்கதான்" என்பார்கள். காரணம் கேட்டவனுக்கு வழக்கத்தைப் பதிலாகக் கொடுத்தே காலத்தை ஓட்டிய சமூகம் நம்முடையது.

1995ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு, மைசூர் தேவராஜா மார்க்கெட்டின் பின்புறச் சந்தில் இருந்த மல்லப்பனின் கேம் கடைக்கு அந்தச் சண்டை மெஷின் வந்து சேர்ந்தது. பெங்களூரில் யாரோ ஆடிக் கழித்த பழைய மெஷின். திரையில் தோன்றிய எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. எட்டு வீரர்கள் இருந்தார்கள். ஒருவர் பெயரையும் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஆகவே ஆடவந்தவர்களே பெயர் சூட்டினார்கள். தொடையும் தோளுமாக நின்றவன் பைல்வான். நெருப்பை உருட்டி எறிந்தவன் கொள்ளி. ஒற்றைக் காலை ஊன்றி மறுகாலால் உதைத்த நெட்டையன் கொக்கு. சாட்டை சுழற்றிய பெண் ராணி. சிப்பாய், நரி, உருண்டை என்று இன்னும் மூவர். எட்டாவதாக ஒரு கூனன். கிழிந்த சட்டை, முதுகில் அவனைவிடப் பெரிய மூட்டை. அவனுக்கு மூட்டைக்காரன் என்று பெயர்.

யாதவகிரி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வரும் சுதர்ஷன் என்ற இன்ஜினீயரிங் மாணவன், கடைச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி எட்டுப் பெயர்களையும் வரிசைப்படுத்தினான். அந்த முதல் வரிசை, ஒரு சண்டைகூட நடப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. உருவத்தைப் பார்த்தார்கள், எழுதினார்கள். பைல்வானுக்கு முதலிடம். மூட்டைக்காரனுக்கு எட்டாம் இடம்.

சுதர்ஷன் நேர்மையானவன். எழுதியதோடு நிற்காமல் எண்ணவும் தொடங்கினான். ஒவ்வொரு மாலையும் எந்த வீரன் எந்த வீரனை வென்றான் என்று நோட்டில் குறித்தான். ஞாயிறுதோறும் பலகையை அழித்து எழுதினான். அப்போதுதான் உருவத்தின் மதிப்பு கரைந்தது. நவம்பரில் கொள்ளி முதலிடத்துக்கு ஏறினான். தூரத்தில் நின்று அவன் எறிந்த நெருப்பைக் கடக்க வழி தெரியாமல் பைல்வான்கள் பொசுங்கினார்கள். ஜனவரியில் சுரேந்தர் என்ற இளைஞன், அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பயிற்சி பெறுகிறவன், ஓர் உண்மையைக் கண்டான். நெருப்பு கிளம்பும் அதே கணத்தில் தாண்டிக் குதித்தால் கொள்ளியின் கை வெறுங்கை. சுரேந்தர் ஆடிய கொக்கு முதலிடத்துக்குப் பறந்தது. மார்ச்சில் கொக்கின் ஊன்றிய காலைக் குனிந்து ஓடித் தட்டலாம் என்று தெரிந்ததும், அதுவரை ஆறில் கிடந்த நரி இரண்டுக்கு வந்தது. நரியைப் பிடித்துத் தூக்கி எறியலாம் என்று ஏப்ரலில் தெரிந்தது. பைல்வான் மறுபடி மேலே வந்து மூன்றில் நின்றான்.

இப்படி ஏழு இடங்களும் புரண்டுகொண்டே இருந்தன. எட்டாம் இடம் மட்டும் அசையவில்லை. மூட்டைக்காரன் மெதுவாக நடப்பான், மெதுவாகக் குனிவான், குதித்தால் மூட்டை அவனைக் கீழே இழுக்கும்.

ஏணி இருந்தால் சட்டம் வரும். அங்கும் வந்தது. புதிதாக வருகிறவர் எட்டாம் இடத்து வீரனைத்தான் எடுத்து ஆடவேண்டும். மேல் நான்கு வீரர்களில் ஒருவனைப் பத்து முறை வென்ற பிறகே வேறு வீரனைக் கேட்கலாம். வெல்ல முடியாதவனைக் கையில் கொடுத்துவிட்டு, வென்று வா என்று அனுப்பும் சட்டம். கூட்ட நேரத்தில் எட்டாம் இடத்துக்காரர், மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை நின்றே காத்திருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் வால்.

வழக்கம் ஒன்றும் இருந்தது. மெஷினின் முன்பலகையில் இருவர் அருகருகே நின்று ஆடுவார்கள். ஒவ்வொருவருக்கும் மேல் வரிசையில் மூன்று பட்டன், கீழ் வரிசையில் இரண்டு. கீழ் வரிசையில் மூன்றாவது பட்டன் இருக்கவேண்டிய ஓரத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு பித்தளை வில்லை பதிந்திருந்தது. முதல் ஆயுத பூஜையன்று மெஷினுக்குக் குங்குமம் வைத்த மல்லப்பன், பளபளப்பான இடமாயிற்றே என்று அந்த வில்லைகளின்மேல் வைத்தார். அன்றுமுதல் காயின் போடுமுன் வில்லையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது ஆட்டக்காரர்களின் வழக்கமாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் அதற்கு ஒரு செவ்வந்தி இதழும் கிடைத்தது. வென்றவன் வில்லையின் அருளால் வென்றான். தோற்றவன் அதைச் சரியாகத் தொடவில்லை.

1996 ஜூனில் காவேரி அந்தக் கடைக்குள் வந்தாள். மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தின் மகள், வயது இருபது. மேட்டகள்ளியில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டவேண்டும். காலை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில் அந்தச் சந்து.

"யாரத் தேடி வந்தேம்மா?" என்றார் மல்லப்பன். கன்னடக்காரர்; லஷ்கர் மொஹல்லாவில் வளர்ந்ததால் தமிழ் அவருக்குத் தடையின்றி வரும்.

"யாரையுமில்லீங்க. ஆடலாம்னு வந்தேன்."

சுரேந்தர் திரும்பிப் பார்த்தான். யாரையும் 'குரு' என்றே அழைப்பது அவன் வழக்கம். "ஏன் குரு, இனிமே இங்க கோலப் போட்டியும் உண்டா?"

"கோலத்துல நீங்க தோத்துப்போவீங்க. அதனால இதையே ஆடலாம்" என்றாள் காவேரி. கடை சிரித்தது; சுரேந்தரும் சிரித்துவிட்டான். சட்டப்படி அவளுக்கு மூட்டைக்காரன் கிடைத்தான்.

அவள் தோற்றாள். மறுநாளும் வந்து தோற்றாள். ஆறு வாரம் தோற்றுக்கொண்டே, தோற்கும் விதத்தை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தாள். மூட்டைக்காரன் எதிரிக்கு முதுகைக் காட்டினால் அடி மூட்டையில் விழுகிறது, உடம்பில் விழவில்லை என்று கண்டுகொண்டாள். அதனால் மற்றவர் கையில் பத்து நொடியில் விழுந்த மூட்டைக்காரன், அவள் கையில் ஒரு நிமிடம் நின்றான். நின்று, பிறகு விழுந்தான்.

சுதர்ஷனுக்கு மனம் கேட்கவில்லை. "காவேரி, பத்து ஜெயிக்கலேன்னாலும் பரவால்ல. நீங்க ராணிய எடுத்துக்கோங்க. எல்லார்கிட்டயும் பேசிட்டேன்" என்றான்.

"எதுக்குங்க எனக்கு மட்டும்?"

"இல்ல, நீங்க லேடீஸ் இல்லியா..."

"என் ஆட்டத்தப் பாத்துத் தர்றீங்களா, சடையப் பாத்துத் தர்றீங்களா? ஆட்டத்தப் பாத்துன்னா அதுக்கு நான் இன்னும் ஜெயிக்கலீங்க."

சலுகையை மறுத்தவளுக்கு உரிமையும் கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதை அவள் அறிந்திருந்தாள், கடை அறிந்திருக்கவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் பெங்களூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அங்குள்ள ஒரு கேம் கடையின் ஆட்டக்காரர்கள், தசரா பொருட்காட்சியின்போது மைசூருக்கு வந்து மோதத் தயார் என்று எழுதியிருந்தார்கள். நான்கு பேருக்கு நான்கு பேர். ஒலிபெருக்கி உண்டு, பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். மாதக் கடைசி ஞாயிறன்று பலகையில் முதல் நான்கு இடத்தில் எந்த வீரர்கள் இருக்கிறார்களோ, அவர்களை ஆடுகிறவர்களே போவார்கள் என்று முடிவாயிற்று.

காவேரிக்கு அந்த நான்கில் ஒரு இடம் வேண்டும். வேறு எதையும் அவள் அந்த ஆண்டில் இப்படி விரும்பியதில்லை. நாள் ஒன்றுக்கு முந்நூறு ரேடியோப் பலகைகளில் கம்பி ஒட்டுகிறாள். அந்த ரேடியோக்களில் எத்தனையோ பெயர்கள் ஒலிக்கும், அவள் பெயர் ஒலிக்காது. ஒரு முறை, ஒரே ஒரு முறை, ஒலிபெருக்கியில் தன் பெயரை அவள் கேட்கவேண்டும். ஆனால் எட்டாம் இடத்து வீரனோடு நான்காம் இடத்துக்குப் போகும் பாதை எதுவும் அந்தப் பலகையில் இல்லை.

அவளுக்கு வழி காட்டியது காத்திருத்தல்தான். மூன்றரை மணிக்கே அவள் வந்துவிடுவாள். எதிராளிகள் நாலரைக்குத்தான் வருவார்கள். அதுவரை மெஷின் தனக்குத்தானே சண்டை போட்டுக் காட்டும். காயின் போடாத மெஷின் போடும் அந்த விளம்பரச் சண்டையை டெமோ என்பார்கள். யாரும் அதை மதித்துப் பார்ப்பதில்லை. பார்த்துக்கொண்டு நிற்கும் நிலைமை அவளுக்கு மட்டுமே இருந்தது. ஒரு புதன்கிழமை அவள் சுதர்ஷனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க. இப்ப மூட்டைக்காரன் வருவான்."

திரையில் மூட்டைக்காரன் வந்தான். மூன்றடி நடந்தான். பிறகு முதுகை நிமிர்த்தி மூட்டையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, கடையில் யாரும் கண்டிராத வேகத்தில் பாய்ந்து சிப்பாயை மூன்று உதையில் சாய்த்தான்.

அப்போதுதான் உள்ளே வந்த சுரேந்தர் சொன்னான்: "அது டெமோ குரு. மெஷின் ஆடறப்போ மட்டும் வர்ற பவர். நமக்கு வராது."

"ஏன் வராது?" என்றாள் காவேரி.

"இத்தன நாளா வரலியே."

"அது காரணமில்லீங்க. மெஷினு மத்த ஏழு பேருக்குச் செய்யறது எல்லாத்தையும் நாம பட்டன்ல செய்யறோம். இவனுக்கு மட்டும் ஏன் வரலை? பட்டன் எங்கியோ போயிருக்குது." அவள் மல்லப்பனிடம் திரும்பினாள். "அண்ணா, மெஷின் பலகையத் திறந்து காட்டுங்க. கம்பிய எண்ணிப் பாக்கணும்."

மல்லப்பனின் கை தானாக வில்லையை மறைத்தது. "பேடம்மா, வேண்டாம். பூஜை போட்ட எடம் அது."

"நான் மேல தொடவே மாட்டனுங்க. அடியில இருந்து பாக்கறேன். பூஜை மேலதானே போட்டிருக்குது?"

மல்லப்பன் சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்தார். காவேரி தரையில் உட்கார்ந்து தலையை உள்ளே நுழைத்தாள். அவளுடைய தொழில் அது; நாள் முழுவதும் கம்பிகளோடு வாழ்கிறவள். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"ஒரு ஆளுக்கு ஆறு கம்பி வருதுங்க. அஞ்சுல பட்டன் இருக்குது. ஆறாவதக் கறுப்பு டேப்பு சுத்தி மடிச்சு வெச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் அப்படித்தான். நேரா வில்லைக்குக் கீழதான் வருது."

எல்லோரும் மல்லப்பனைப் பார்த்தார்கள். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"அந்தப் பெங்களூர்க்காரன் பன்னெண்டு ஓட்டைக்குப் பத்து பட்டன்தான் குடுத்தான். ஓட்டை பாக்க அசிங்கமா இருந்துச்சு. வீட்டுல ஒரு ஒடைஞ்ச ட்ரங்க் பெட்டி, அதுல இருந்த ரெண்டு வில்லைய அடிச்சு வெச்சேன்."

"அப்ப இத்தன மாசமா நாங்க தொட்டுக் கும்பிட்டது?" என்றான் சுரேந்தர்.

"ட்ரங்க் பெட்டிய" என்றார் மல்லப்பன். "நான் கும்பிடச் சொன்னேனா? நீங்களா கும்பிட்டீங்க. வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரலை."

கடை குலுங்கிச் சிரித்தது. சிரிக்கவேண்டியதுதான். எந்த இடத்தில் ஓர் உரிமை பிடுங்கப்பட்டதோ, அதே இடத்தில் குங்குமம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். எவனுடைய சுமையை இறக்கும் வழி அடைக்கப்பட்டதோ, அவனைப் பார்த்து "சோம்பேறி" என்று ஏசியிருக்கிறார்கள். அவன் முதுகில் இருந்த மூட்டை அவனோடு பிறந்ததல்ல. அதை இறக்கும் கைப்பிடியை எடுத்துவிட்டு, கூனன் என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்.

சுதர்ஷன் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை நெஞ்சோடு பிடித்திருந்தான். "நான் பொய் எழுதலை. இது வரைக்கும் நாலாயிரத்து இருநூறு சண்டை. ஒண்ணுகூட விடாம எண்ணியிருக்கேன்."

"நீங்க எண்ணினது சரிங்க" என்றாள் காவேரி, பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டியபடி. "ஒருத்தன் கையக் கட்டிப்போட்டுட்டு எண்ணியிருக்கறோம். கட்டுனது நோட்டுல தெரியாதில்ல, தோத்தது மட்டும்தான் தெரியும்."

சுதர்ஷன் நோட்டை விரித்தான். ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, அதன் தலையில் 'ஆறு பட்டன்' என்று எழுதி அடிக்கோடிட்டான். தன் கணக்கு தவறான நிலத்தில் நின்றது என்று தெரிந்ததும் அதைக் கைவிடும் துணிவு, படித்தவர்களில் பலருக்கு வாய்ப்பதில்லை. அவனுக்கு வாய்த்தது.

மறுநாள் லஷ்கரில் ஒரு ரேடியோ கடையில் இரண்டு பட்டன்கள் கிடைத்தன. மல்லப்பன் மனச்சாந்திக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வில்லைகளைப் பெயர்த்தார். காவேரி ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி இரண்டு கம்பிகளை ஒட்டினாள். அதற்கு எடுத்த நேரம், தேங்காய்ச் சில்லைப் பங்கிட்ட நேரத்தைவிடக் குறைவு.

ஆறாவது பட்டன் வந்ததும் பலகையில் நிலநடுக்கம் வந்தது. டெமோ காட்டாத வித்தைகள் மற்ற வீரர்களுக்கும் இருந்தன: கொள்ளிக்கு ஒரு நெருப்புச் சுவர் கிடைத்தது. நரி மறைந்து பின்னால் தோன்றியது. கொக்குக்குக் கிடைத்ததோ ஒரு சிறகடிப்பு மட்டும், அதனால் பயனில்லை. பைல்வானின் நிலைமைதான் பரிதாபம். அந்தப் பட்டனை அழுத்தினால் கரடி மனை எனப்படும் மைசூர்க் குஸ்திக்கூடத்தில் குஸ்திக்காரர்கள் செய்வதுபோல் அவன் தொடையைத் தட்டிச் சிரிப்பான். அவன் தட்டிச் சிரிக்கும் நேரத்தில் எதிரி நான்கு உதை கொடுத்துவிடுவான்.

மூட்டைக்காரன் மின்னினான். ஆனால் அவனை மின்ன வைத்தது காவேரி அல்ல. மூட்டையை இறக்கியதும் அவன் வேகமானான், கூடவே அடி தாங்காதவனும் ஆனான்; உடம்பில் இரண்டு அடி விழுந்தால் சாய்ந்துவிடுவான். காவேரி முதல் நாளில் பதினோரு முறை தொடர்ந்து தோற்றாள். வேகமான விரல் கொண்டவர்களோ மூட்டைக்காரனை ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு, சண்டை தொடங்கிய கணமே மூட்டையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வென்றார்கள். அவர்களுக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. எட்டாம் இடத்து வீரனை எவரும் எடுக்கலாம். பத்தே நாளில் பலகையின் உச்சியில் மூட்டைக்காரன் பெயர் வந்தது. அதற்குள் காவேரியும் தன் பங்குக்கு வெல்லத் தொடங்கியிருந்தாள். மூட்டைக்காரனின் பழைய ஆட்டக்காரி என்ற முறையில், முதலிடத்துச் சீட்டு அவளுக்கே என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவள் விரும்பியது அவள் கைக்கு வந்துவிட்டது.

எட்டாம் இடம் பைல்வானுக்குப் போயிற்று.

பைல்வானை ஆடியவன் தொட்டையன். ராமாபுரத்துக்காரன், மார்க்கெட்டில் பூக்கூடை இறக்குகிறவன். மூன்றாம் இடத்தில் இருந்தவரை, பொருட்காட்சிச் சீட்டு ஒன்று அவனுடையது. அன்று மாலை அவன் வழக்கம்போல மெஷின் முன் போய் நின்றான். சுரேந்தர் அவன் தோளைத் தட்டினான்.

"தொட்டையா, சட்டம் தெரியுமில்ல? எட்டாம் இடம். ஓரமா நில்லு."

"சரிப்பா" என்று தொட்டையன் சிரித்தான். நகர்ந்து போய் அவன் நின்ற இடம், காவேரி மூன்று மாதம் நின்ற தூணின் ஓரம். "ஒரு பட்டன் வந்ததுல என் சீட்டு போச்சு. நீ நல்லா ஆடு தாயி" என்றான் அவளிடம். அவன் குரலில் குறை எதுவும் இல்லை. குறை இல்லாததுதான் காவேரியை உறுத்தியது. அவளும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

காயினைப் போடாமல் அவள் திரும்பினாள்.

"இந்தச் சட்டத்த எடுத்துருங்க" என்றாள் சுதர்ஷனிடம்.

"எந்தச் சட்டம்?"

"எல்லாத்தையும். ஓரமா நிக்கறது, புதுசா வர்றவங்களுக்குக் கடைசி ஆளக் குடுக்கறது, பலகையப் பாத்துச் சீட்டு குடுக்கறது. யாரு வேணா எந்த வீரன வேணா எடுக்கட்டும். ஆளுக்கு ஆள் மோதி முதல் நாலு பேர் போகட்டும்."

சுதர்ஷன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். "காவேரி, யோசிச்சுப் பேசுங்க. இப்ப இருக்கற ரூல்படி உங்களுக்கு சீட் கன்ஃபர்ம். ஆளுக்கு ஆள்னா சுரேந்தர் இருக்கான், இன்னும் பத்துப் பேர் இருக்காங்க. உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம்."

"இப்ப கெடச்ச சீட்டு எனக்கில்லீங்க, மூட்டைக்காரனுக்கு. மேடையில வந்து நிக்கப்போறது அவனா, நானா?"

"ஏன் குரு, இவங்க பேசறது நியாயந்தான்" என்று ஆதரித்தவன், யாரும் எதிர்பாராதபடி, சுரேந்தர். கொக்கு ஐந்தாம் இடத்துக்கு விழுந்து அவனும் சீட்டை இழந்திருந்தான். "ஆனா அப்புறம் அழக் கூடாது."

"நான் அழறேனா நீங்க அழறீங்களான்னு ஞாயித்துக்கிழமை பாக்கலாம்."

ஏணியின் அடியில் கிடந்தவன் உச்சிக்குப் போவதும், உச்சியில் இருந்தவன் அடிக்கு வருவதும் சீர்திருத்தம் ஆகாது. தலைகீழாகப் பிடித்தாலும் ஏணி ஏணிதான். அதன் உச்சிப்படியில் நின்றுகொண்டு அதை உடை என்று சொன்னவள், இருபது வயதுப் பெண். சொன்னதால் அவள் இழக்கக்கூடியது, அவள் மிகவும் விரும்பிய ஒன்று.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கிய போட்டியில் பதினான்கு பேர் மோதினார்கள். முதல் ஆச்சரியம் தொட்டையன். பைல்வானை எடுத்தான், ஆறாவது பட்டனின் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை, வந்த மூன்று பேரையும் பிடித்துத் தூக்கி எறிந்தான். "கூடையத் தூக்கற கை. ஆளத் தூக்கறது கஷ்டமா?" என்றான். முதல் சீட்டு அவனுக்கு. மாலைக்குள் கொள்ளி ஆடியவனும் நரி ஆடியவனும் இரண்டு சீட்டுகளை வென்றார்கள். நான்காவதற்கு மிஞ்சியவர்கள் இருவர்: காவேரியும் சுரேந்தரும். மூன்று சுற்றில் இரண்டை வெல்பவர் பொருட்காட்சிக்குப் போவார்.

காவேரி மூட்டைக்காரனை எடுத்தாள். சுரேந்தர் கொக்கின்மேல் விரலை வைத்து, யோசித்து, எடுத்துவிட்டான். அவனும் மூட்டைக்காரனையே எடுத்தான்.

"உன் ஆளாலயே உன்ன அடிக்கறேன்" என்றான்.

"அடிங்க. அவன் யாருக்கும் சொந்தமில்ல."

திரையில் இரண்டு மூட்டைக்காரர்கள். ஒரே உடம்பு, ஒரே பலம், ஒரே ஆறு பட்டன். முதல் சுற்றில் இருவரும் மூட்டையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்கள். விரல் வேகத்தில் சுரேந்தருக்கு நிகர் அந்தக் கடையில் இல்லை. காவேரியின் ஆள் எட்டு நொடியில் விழுந்தான்.

"ஆயிப்போச்சு" என்றார் யாரோ பின்னாலிருந்து.

இரண்டாவது சுற்றில் சுரேந்தர் மூட்டையைப் போட்டான். காவேரி போடவில்லை. அவளுடைய ஆள் கூனிக்கொண்டே முன்னால் நடந்தான். சுரேந்தர் பாய்ந்து உதைத்தான். அவள் முதுகைக் காட்டினாள். உதை மூட்டையில் விழுந்தது. மறுபடி உதை, மறுபடி மூட்டை. ஐந்து பட்டன் காலத்தில் மூன்று மாதம் அடிவாங்கிக் கற்ற பாடம் அது. மற்றவர்கள் எல்லோரும் சுமையை இறக்க மட்டுமே கற்றிருந்தார்கள். சுமையோடு நிற்க அவளுக்கு மட்டுமே தெரியும். மூட்டையைக் குத்திக் குத்திச் சுரேந்தரின் ஆள் தடுமாறி நின்ற கணத்தில் அவள் திரும்பி ஒரே ஒரு அடி கொடுத்தாள். பிறகு நேரம் முடியும்வரை முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். மணி அடித்தபோது, திரையின் மேலே மிச்ச பலத்தைக் காட்டும் உயிர்க்கோடு அவளுக்கு முழுதாக இருந்தது, அவனுக்கு ஒரு துண்டு குறைந்திருந்தது. சுற்று அவளுக்கு.

மல்லப்பன் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி மெஷின் அருகே வந்துவிட்டார். சுதர்ஷன் நோட்டில் குறிக்க மறந்தான்.

மூன்றாவது சுற்றில் சுரேந்தர் புத்திசாலித்தனம் காட்டினான். அவனும் மூட்டையைப் போடாமல் வைத்துக்கொண்டான். இரண்டு கூனர்கள் எதிரெதிரே நகர்ந்தார்கள். ஆனால் மூட்டையோடு எத்தனை அடி வைத்தால் எங்கே நிற்கும், திரும்ப எத்தனை நொடி ஆகும் என்பது அவன் விரல்களுக்குத் தெரியாது. ஒரு நாளும் அவன் எட்டாம் இடத்தில் இருந்ததில்லை. அவன் ஆள் பாதி திரும்பி, பக்கவாட்டில் உடம்பைக் காட்டிய அந்த அரை நொடியில், காவேரி ஆறாவது பட்டனை அழுத்தினாள். மூட்டை தரையில் விழுந்தது. இரண்டு உதை. சுரேந்தரின் ஆள் தன் மூட்டையோடு சேர்ந்தே சாய்ந்தான்.

தொட்டையன் காவேரியின் தலைமேல் கைநிறையச் செவ்வந்தி இதழ்களைக் கொட்டினான். சுரேந்தர் பட்டன்மேல் வைத்த விரலை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் திரும்பற வித்தை எனக்குச் சொல்லித் தா" என்றான் கடைசியில்.

"மூணு மாசம் தோக்கணும். பரவால்லீங்களா?"

"நீ எதிர்ல ஆடறதா இருந்தா ஒரே வாரத்துல மூணு மாசத்துக்குத் தோத்துருவேன்."

மல்லப்பன் ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்தார். எட்டு வீரர்களின் பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்து போயின. வெறும் பலகையில் சுதர்ஷன், எண் எதுவும் போடாமல், பொருட்காட்சிக்குப் போகும் நால்வரின் பெயரை எழுதினான். மூன்றை எழுதி முடித்து, நான்காவதற்குச் சாக்பீஸை வைத்தவன் நின்றான்.

"மைக்ல கன்னடத்துலதான் கூப்பிடுவாங்க. பலகையில எப்படி எழுதட்டும், கன்னடத்துலயா தமிழ்லயா?"

காவேரி பலகையைப் பார்த்தாள். எட்டுப் பெயர் இருந்த இடத்தில் இப்போது நான்கே நான்கு.

"ரெண்டுலயும் எழுதுங்க. எடந்தான் இருக்குதே" என்றாள்.